ஊசி வலிக்கும் என்று எழுதிய அண்ணிக்கு

என் அருமை அண்ணி,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் மனசுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தேன். உயிரோடு இருந்தபோது போட்டது பத்தாதா என்று கேட்பீர்கள். பத்தாது. ஆனால் இன்றைக்குச் சண்டைக்கு வரவில்லை. ஒரு சேதி சொல்லணும். ஒரு தப்பை ஒத்துக்கொள்ளணும்.

பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அண்ணன் பெண்டாட்டி. பருத்திப்பட்டுப் பெண். குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றுகிற வார்டில் இருபது வருஷம் நர்ஸ். என் மகள் பூவிழிக்கு ஒன்றரை வயதில் தலசீமியா என்று சொன்னபோது நான் அந்தப் பேரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் ஆவடி ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதேன். என் கையைப் பிடித்து உங்கள் வார்டுக்குக் கூட்டிப்போனது நீங்கள். உடம்பு தனக்கு வேண்டிய நல்ல ரத்தத்தைத் தானே செய்துகொள்ளாத நோய். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றணும். அப்படியென்றால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி. இப்போது அவளுக்கு ஒன்பது வயசு. இதுவரை எத்தனை ஊசி என்று நான் எண்ணியதே இல்லை. எண்ணினால் தாங்காது.

நாலு வயசில் அவள் அழுவதை நிறுத்தினாள். அது உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அன்றைக்குத்தான் நமக்குள் முதல் பெரிய சண்டை. "பாத்தியா, எம்பொண்ணு அழவே இல்ல. சமத்து" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். ரயிலை விட்டு இறங்கின கையோடு ஆவடி ஸ்டேஷனுக்கு எதிரே பேக்கரியில் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. போகும்போது ரயிலில் "எறும்பு கடிக்கிற மாதிரிதான் கண்ணு" என்பேன். வரும்போது பன். சேக்காட்டில் எங்கள் தெருவுக்கே தெரியும், கோமதி பொண்ணு ஊசிக்கு அழமாட்டாள் என்று. கல்யாண வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னீர்கள். "கோமதி, புள்ள அழலன்னா வலிக்கலன்னு அர்த்தம் இல்ல. உனக்குப் புடிக்குதுன்னு அடக்கிகினு கீது."

"ஆஸ்பத்திரிப் பேச்ச ஊட்டுக்கு எடுத்துகினு வராதீங்க அண்ணி" என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். நாள் முழுக்கச் சட்டையைத் திருப்பிப்போட்டு எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று எனக்கு ஒரு திமிர்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீங்கள் எங்கள் வீட்டு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வார்டு டாக்டரம்மா குழந்தைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்யப்போகிறார்கள் என்றீர்கள். ஊசி போடுகிற இடத்தில் தோல் மரத்துப்போக ஒரு க்ரீம் உண்டு. அடிக்கடி குத்திக் குத்தித் தோல் தடித்துப்போன பிள்ளைகளுக்கு அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கணும். அதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடவை மருந்துள்ள க்ரீம், ஒரு தடவை மருந்தில்லாத வெறும் க்ரீம். எது எப்போது என்று பிள்ளைக்கும் தெரியாது, போடுகிற நர்ஸுக்கும் தெரியாது. ஊசி போட்டதும் ஒரு அட்டையில் வரிசையாக இருக்கிற ஆறு முகத்தில் ஒன்றைப் பிள்ளை தொட்டுக் காட்டணும். முதல் முகம் சிரிக்கும். ஆறாவது அழும்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வெறும் க்ரீமத் தடவிட்டு புள்ளைக்கு எவ்ளோ வலிக்குதுன்னு வேடிக்க பாப்பீங்களா? இதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினீர்கள். குழந்தைகளுக்கு அவ்வளவாக வலி தெரியாது என்று ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள் என்றீர்கள். இன்றைக்கும் பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக ஒடித்து, பிள்ளைக்கு இது போதும் என்று ஒரு குத்துமதிப்பாகக் கொடுக்கிற மருந்து எத்தனையோ இருக்கிறது என்றீர்கள். "புள்ளைங்கள கேக்காமலே இருந்தா, அதுங்களுக்கு இன்னா வேணும்னு எப்டி தெரியும்? பாவம்னு உட்டுட்டா, அந்தப் பாவமும் அதுங்க தலைலதான உழுது?"

நான் அப்படியே கட்சி மாறினேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியாதா. "சரி, அப்ப எம்பொண்ண சேத்துக்கோங்க. எப்டியும் ஊசி போடத்தான போறீங்க. இதுல அவளக் கேக்கறதுக்கு இன்னா கீது? நான் கையெழுத்துப் போட்டா பத்தாதா?"

அப்போது நீங்கள் சொன்னதை நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை. இப்போது தினமும் கேட்கிறது. "ஊசி அவ நோய்க்கு கோமதி. அதுக்கு நீ கையெழுத்துப் போடலாம். கேள்வி நம்மளுது. நமக்காவ ஒன்னு செய்யச் சொன்னா, அவளத்தான் கேக்கணும்."

அந்தக் காகிதம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவதற்கு. அதில் முதல் வரி, "பங்கேற்பாளருக்குச் சிறிதளவு அசௌகரியம் ஏற்படக்கூடும்" என்று இருந்தது. நீங்கள் பூவிழியைக் கூப்பிட்டீர்கள். அப்போது அவளுக்கு ஆறு வயசு. "அசௌகரியம்னா இன்னா கண்ணு?" என்று கேட்டீர்கள். அவள் யோசித்து, "சாமி பேரா அத்தை?" என்றாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் அவரைக்காய்த் தட்டு கவிழ்ந்தது. அப்புறம் பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடுபோட்டு அடித்துவிட்டு, மேலே எழுதினீர்கள்: ஊசி வலிக்கும்.

"இப்டி எழுதுனா எந்தப் புள்ள வரும்?" என்றேன்.

"வராட்டி போவட்டும். பொய் சொல்லி கூப்ட்டுகினு வந்து உண்மையக் கேக்க முடியுமா?" என்றுவிட்டு, மீதி வரிகளையும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி திருத்தி எழுதினீர்கள்.

அதற்கப்புறம் உங்களுக்கே உடம்புக்கு வந்துவிட்டது. கணையத்தில் கட்டி. கடைசி வாரம் நர்ஸ் வந்து, பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உங்களைக் கேட்டபோது அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு" என்றீர்கள். அவர் காப்பி வாங்கப் போனதும் என்னைப் பார்த்து, "ஒம்போது கோமதி" என்றீர்கள். நான் உடனே நர்ஸைக் கூப்பிட்டேன், மருந்தைக் கூட்டினார்கள், அதெல்லாம் சரி. ஆனால் உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. நான் உங்கள் தோளைத் தட்டி, "தைரியமா இருங்க அண்ணி, நீங்களே இப்டி இருந்தா எப்டி" என்றேன். நீங்கள் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

இனிமேல்தான் சேதி.

அந்த ஆராய்ச்சி இந்த வருஷம்தான் ஆரம்பித்தது. அதுவரை அது சரியா தப்பா என்று பார்க்கிற ஒரு குழு அதைத் திருப்பித் திருப்பி அனுப்பியதாம். டாக்டரம்மா எங்களிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார்கள். பிள்ளை எந்த நேரத்தில் "போதும்" என்றாலும் நிறுத்திவிட்டு மரத்துப்போகிற ஸ்ப்ரே அடித்துவிடுவோம் என்றார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டோம். உங்கள் ஆராய்ச்சி என்ற பெருமை எனக்கு. அப்புறம் அவர்கள் பூவிழி பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள். என்னை அவளுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். பதில் சொல்லும்போது அம்மா முகம் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பதும் உங்கள் ஏற்பாடுதானாமே.

டாக்டரம்மா படித்தார்கள். "ஊசி வலிக்கும். எவ்வளவு வலிக்கும் என்று உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அதனால்தான் உன்னைக் கேட்கிறோம். நீ வேணாம் என்று சொல்லலாம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எப்போதும் போல உனக்கு ரத்தம் ஏற்றுவோம்."

அப்படியே உங்கள் குரல் அண்ணி. இரண்டு வருஷம் கழித்து அந்த வார்டில் நின்று நீங்கள் பேசுகிறீர்கள்.

பூவிழி காலை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "வேணாம்" என்றாள்.

"சரி கண்ணு" என்றார்கள் டாக்டரம்மா. காகிதத்தை மடித்தார்கள். எழுந்துபோய் அடுத்த கட்டிலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை டாக்டர், எத்தனை காகிதம், எத்தனை வருஷ வேலை, அப்பா அம்மா இரண்டு பேர் கையெழுத்து. எல்லாம் ஒரு ஒன்பது வயசுப் பொண்ணு சொன்ன ஒரு வார்த்தையில் நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் நான் வேணாம் என்று சொல்லி எது நின்றிருக்கிறது? இதையெல்லாம் இப்போது பிரமிப்பாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு மானம் போன மாதிரிதான் இருந்தது.

யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதினீர்களே அண்ணி. நான் கோபித்துக்கொண்டேன். ரயில் திருமுல்லைவாயில் தாண்டும்வரை அவளோடு பேசவே இல்லை. அன்றைக்கு பன்னும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "அது யாரு எழுதுன பேப்பர்னு தெரியுமாடி? உங்க அத்த எழுதுனது. சாவறதுக்கு முன்னாடி உனக்காவ எழுதுனது. அதப் போயி வேணாம்னு சொல்லிட்டு வந்து நிக்கிற."

அவள் ஹோம்வொர்க் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செத்துப்போனவங்களைக் கொண்டுவந்து பிள்ளை தலையில் வைத்தேன். எந்தக் காரியம் நடக்கக்கூடாது என்று அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினீர்களோ, அதை உங்கள் பேரைச் சொல்லியே செய்தேன். இதுதான் நான் ஒத்துக்கொள்ள வந்த தப்பு.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். டாக்டரம்மா எங்கள் பக்கமே வரவில்லை. ஒரு தடவை வேணாம் என்றால் அவர்களாக மறுபடி கேட்கக்கூடாதாம். பூவிழிதான் கூப்பிட்டாள். "டாக்டர், நான் அந்த ஆராய்ச்சில சேர்றேன்."

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. டாக்டரம்மா கோயம்புத்தூர்க்காரர்கள், மெதுவாகப் பேசுவார்கள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "சரிங்க கண்ணு. உங்களுக்கே தோணுச்சா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார்கள்.

"அத்தைக்காகச் செய்றேன்" என்றாள். "அத்தைதான எழுதுச்சு. இல்லன்னா அத்த வருத்தப்படும்னு அம்மா சொன்னாங்க."

அத்தை வருத்தப்படும் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இத நான் சம்மதமா எடுத்துக்க முடியாதுங்க" என்றார்கள். பூவிழி பக்கம் திரும்பி, "உங்க அத்தை கூட நான் பத்து வருஷம் வேலை செஞ்சேன். நீங்க வேணாம்னு சொன்னதுக்கு அவங்க வருத்தப்படவே மாட்டாங்க. அதுக்காகத்தான் அந்த வரியையே எழுதுனாங்க" என்றார்கள்.

பூவிழி கேட்டாள், "அந்தப் பேப்பர்ல வேணாம்னு சொல்லலாம்னு கீது. போதும்னு சொல்லலாம்னு நீங்க சொன்னீங்க. அழலாமான்னு போடவே இல்லயே டாக்டர்?"

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள்.

"வலிக்கும்னு போட்டுகீது. ஆனா அழலாமா கூடாதான்னு தெரியல. அதான் அன்னிக்கு வேணாம்னேன்" என்றாள்.

யாரும் காரணம் கேட்காதபோது அவளாகச் சொன்ன காரணம் அண்ணி. நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து வருஷமாக நான் வாங்கிக் கொடுத்த பன் எல்லாம் எதற்குக் கூலி என்று அப்போதுதான் புரிந்தது. ஊரார் சட்டையில் ஒரு நூல் விட்டிருந்தால் கண்டுபிடிக்கிறவள், என் பொண்ணு முகத்தில் இத்தனை வருஷமாக விட்டிருந்த தையலைப் பார்க்கவில்லை. அவள் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டிருப்பாள். டாக்டர்களும் அதை நம்பி எழுதியிருப்பார்கள். எங்கள் வீட்டுச் சமத்து எத்தனை பிள்ளைகளுக்குப் போகவேண்டிய மருந்தைக் கெடுத்திருக்கும்?

அன்றைக்கு ஆராய்ச்சி இல்லை, க்ரீம் இல்லை. எப்போதும் போடுகிற ஊசிதான். நர்ஸ் கையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து முன்னால் வந்து மண்டிபோட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"கண்ணு, அழணும்னு தோணுச்சுன்னா அழு. அம்மா ஒன்னும் சொல்லமாட்டேன்."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "பன்னு?"

"அழுதாலும் பன்னு. அழாட்டியும் பன்னு."

ஊசி உள்ளே போனது. முதலில் வழக்கம்போல உதட்டைக் கடித்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். அண்ணி, அப்படி ஒரு அழுகை. அன்றைய ஊசிக்கு மட்டும் அழுத மாதிரி இல்லை. என் ஜாக்கெட் தோள் நனைந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மேஜைமேல் அந்த ஆறு முக அட்டை கிடந்தது. யாரும் கேட்காமலே அவள் கையை நீட்டி ஆறாவது முகத்தைத் தொட்டாள். நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். ஐந்து வருஷமாக அந்தக் கையில் ஊசி போட்டவள் அவளும்தானே.

அடுத்த தடவையிலிருந்து பூவிழிக்கு ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மருந்துள்ள க்ரீமையே தடவுகிறார்கள். அவள் ஆராய்ச்சியில் இல்லை என்பதால் அதற்குத் தடை இல்லையாம். இப்போது மூன்றாவது முகத்தைத் தொடுகிறாள். சில நாள் நாலாவது. சிரிக்கிற முதல் முகத்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை. எனக்கு அதில்தான் நம்பிக்கை.

டாக்டரம்மா அன்றைக்கு அவள் சொன்னதை எழுதி அந்தக் குழுவுக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் ஒரு வார்த்தை மாற்றினாலும் அவர்கள் ஒப்புக்கொள்ளணுமாம். அதுவரை புதிதாக ஒரு பிள்ளையையும் சேர்க்காமல் நிறுத்திவைத்திருந்தார்கள். போன வாரம் புதுக் காகிதம் வந்தது. டாக்டரம்மா அதைக் கொண்டுவந்து பூவிழி கையில் கொடுத்தார்கள். அவள் எழுத்துக்கூட்டாமல் சத்தமாகப் படித்தாள்.

"ஊசி வலிக்கும். அழலாம்."

முதல் வரி உங்களுடையது. இரண்டாவது வரி அவளுடையது. அப்புறம் மறுபடி உங்கள் வரிகள். பெரிய படிப்புப் படித்தவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு சேக்காட்டுப் பொண்ணு சொன்ன ஒரு வார்த்தைக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. நான் அவளை ஆராய்ச்சியில் சேர்க்கப் பார்த்தேன். அவள் சேராமலே அதைத் திருத்திவிட்டு வந்துவிட்டாள்.

அவள் என்றைக்காவது சேருவாளா என்று தெரியவில்லை. டாக்டரம்மா கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. எல்லாப் பிள்ளையும் வேணாம் என்றால் அப்புறம் மருந்து எப்படி வரும் அண்ணி? பேசத் தெரியாத கைக்குழந்தையை யார் கேட்பார்கள்? இதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருந்திருக்கும். இல்லையென்றாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருப்பீர்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் உண்மையைச் சொல்லலாம் என்று எழுதிக்கொடுத்த நீங்கள், அண்ணன் முகத்தைப் பார்த்து ரெண்டு என்றீர்கள். என்னிடம் ஒம்போது என்று சொல்லிக் கண்ணில் தண்ணீரோடு பார்த்தீர்கள். அன்றைக்கு என்னிடம் நீங்கள் எதிர்பார்த்தது தைரியம் இல்லை. உங்கள் காகிதத்தில் விட்டுப்போன அதே வார்த்தையைத்தான். அது எனக்கு அப்போது தெரியவில்லை. ஒன்பது வயசுப் பொண்ணு சொல்லிக்கொடுத்து இப்போதுதான் தெரிகிறது.

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி. இனிமேல் எந்தப் பிள்ளையிடமும் எறும்பு கடிக்கிற மாதிரி என்று சொல்லமாட்டேன். வலியில் இருக்கிற பெரியவர்களிடமும் தைரியமாக இருங்கள் என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு என்று கேட்பேன். சொல்கிற நம்பரை நம்புவேன். உங்களுக்குச் சொல்லாமல் விட்டதை அவர்களுக்குச் சொல்வேன்.

வலிச்சுதில்ல அண்ணி. அழலாம்.

உங்கள் சண்டைக்கார நாத்தனார்,
பூவிழியின் அம்மா,
கோமதி
சேக்காடு